குளம் ஏன் இப்படி ஆயிற்று? அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

ஊருணி, குளம், கண்மாய் என்று பெயர் எதுவானாலும், தேங்கி நிற்கும் நீரில் வரும் கோளாறுகள் சில வகைதான். ஊர் மாறி, பருவம் மாறி அவையே திரும்ப வருகின்றன. குளம் கெட்டதும் என்னை அழைப்பவர்கள் கண்ணில் பட்டதைச் சொல்வார்கள்: "பாசி மண்டிப்போச்சு", "மீன் மிதக்குது", "கொசு தாங்கல." அடுத்த கேள்வி, "இதுக்கு என்ன மருந்து?" அந்தக் கேள்விக்கு நான் கடைசியில்தான் வருவேன். குளத்தில் ஓர் உயிர் திடீரென்று பெருகினால் ஒன்று அதற்குத் தீனி கூடியிருக்கும், இல்லை அதைத் தின்றுகொண்டிருந்தது குறைந்திருக்கும். திடீரென்று மடிந்தால் மூச்சுக்கோ இரைக்கோ வேறொன்று போட்டிக்கு வந்திருக்கும், இல்லை வெளியிலிருந்து நஞ்சு இறங்கியிருக்கும். எதையும் கொட்டுவதற்கு முன் இந்த நான்கில் எது என்று பிரித்துவிட்டால் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

ஒவ்வோர் அறிகுறிக்கும் காசில்லாத சோதனையை முதலிலும் செலவுள்ள வேலையைப் பின்னாலும் வைத்திருக்கிறேன். வரிசையைத் தாண்ட வேண்டாம்.

முதலில் எடுத்துவைக்க வேண்டியவை

20 செ.மீ. அகலமுள்ள ஒரு தட்டு. அதை நான்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றிப் பெயின்ட் அடித்து, அடியில் கல்லும் நடுவில் கயிறும் கட்டிக்கொள்ளுங்கள். கயிற்றில் 10 செ.மீ.க்கு ஒரு முடிச்சு. நீரில் இறக்கும்போது தட்டு எந்த ஆழத்தில் மறைகிறதோ, அதுதான் இந்த வழிமுறை முழுக்கப் பயன்படும் அளவு. இரண்டு கண்ணாடி ஜாடி, ஒரு நீளக் குச்சி, ரப்பர் கையுறை, பிஎச் (நீர் புளிப்பா காரமா என்று காட்டும் எண்; 7 நடுநிலை) பார்க்கும் தாள். இவ்வளவு போதும். கரைந்த ஆக்சிஜனை அளக்கும் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மீனே சொல்லிவிடும்.

நேரம் முக்கியம். குளத்தை ஒரே நாளில் இருமுறை பாருங்கள்: விடியுமுன் ஒரு முறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறை. பகல் பதினொன்றுக்கு வந்து பார்ப்பவருக்கு எந்தக் குளமும் நன்றாகத்தான் தெரியும்.

## அறிகுறி: விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன

இதுதான் அதிகம் வரும் அழைப்பு. இங்கேயே நன்றாகப் பார்த்துவிட்டால் அடுத்த அறிகுறிக்கு, அதாவது மீன் மிதப்பதற்கு, இடமிருக்காது.

பகலில் பாசியும் நீர்ச்செடியும் ஆக்சிஜனை விடுகின்றன. இரவில் அவையும் மீனும் அடிச்சேற்றுக் கிருமிகளும் எல்லாம் சேர்ந்து அதை எடுக்கின்றன. அதனால் கையிருப்பு மிகக் குறைவாக இருப்பது விடியலில். கெண்டை இன மீன்களுக்கு லிட்டருக்கு 5 மி.கி. இருந்தால் நிம்மதி, 3-க்குக் கீழே போனால் தவிப்பு.

வெயில் ஏறியதும் மீன்கள் இறங்கிவிட்டனவா? ஆம் என்றால் ஆக்சிஜன் குறைவுதான், சந்தேகமில்லை. கரையோரத்தில் இறால் கூடுவதும், நத்தைகள் தண்டுகளில் ஏறி நீருக்கு வெளியே ஒட்டிக்கொள்வதும் இதற்கே உரிய அடையாளங்கள். உச்சி வெயிலிலும் இறங்கவில்லை என்றால் ஒரு மீனைப் பிடித்துச் செவுளைத் திறந்து பாருங்கள். செவுள் வெளிறியோ, கிழிந்தோ, சளி மூடியோ இருந்தால் அது நோய் அல்லது ஒட்டுண்ணி. மீன்வளத் துறை ஆய்வாளரை வரச் சொல்லுங்கள்.

காரணங்கள், எளியதிலிருந்து:

*மேகமூட்டம்.* இரண்டு மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால் பகல் வரவு குறையும், இரவுச் செலவு குறையாது. மீனுக்குப் போடும் தவிடு, பிண்ணாக்கு, சாணி எல்லாவற்றையும் அன்றே நிறுத்துங்கள். வானம் தெளிந்ததும் சரியாகிவிடும்.

*கோடை மழை.* வெயிலில் காய்ந்த குளத்தில் மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிர்ச்சியாகவும் தனித்தனியே நிற்கும். அடியில் ஆக்சிஜன் இருக்காது. பெருமழை மேல்நீரைக் குளிரவைத்ததும் இரண்டும் கலந்துவிடும். மழை பெய்த மறுநாள் விடியலில் குளத்துக்குப் போவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

*பாசி அதிகம்.* தட்டை இறக்குங்கள். 25 முதல் 40 செ.மீ.க்குள் மறைந்தால் நல்ல நிலை. 20-க்குள்ளேயே மறைந்து, நீரும் பச்சையாக இருந்தால் இரவு மூச்சு முட்டுவதற்குக் காரணம் அதுவே. "தண்ணீர் பச்சை" என்ற பகுதிக்குப் போங்கள்.

*மீன் அதிகம்.* காற்றூட்டி இல்லாத ஊர்க்குளத்தில் ஏக்கருக்கு 2,000 குஞ்சுகளுக்கு மேல் விடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. கோடையில் நீர் பாதியாகச் சுருங்கும்போது அதே மீன் இருமடங்கு நெருக்கத்தில் இருக்கும். பெரியதை முன்கூட்டியே பிடித்து விற்றுவிடுவது, செத்தபின் அள்ளிப் புதைப்பதைவிட நல்லது.

*அடிச்சேறு.* கம்பை ஊன்றினால் கறுப்புச் சேறு முழங்கால் அளவுக்கு மேல் இருந்து, அழுகிய முட்டை வாடை வந்தால், தூர் வாராமல் இது தீராது. செலவுள்ள வேலை, நீர் வற்றும் வரை காத்திருக்க வேண்டும்.

அன்று விடியலில் செய்ய வேண்டிய அவசர வேலை ஒன்றே: டீசல் இன்ஜினை வைத்து, குளத்து நீரையே இறைத்து, உயரத்திலிருந்து பரவலாகக் குளத்திலேயே விழவிடுங்கள். கிணற்று நீர் இருந்தால் அதையும் அப்படியே காற்றில் விழவைத்துச் சேருங்கள். அந்த நேரத்தில் சுண்ணாம்பு கொட்டாதீர்கள். நீரின் காரத்தன்மை கூடினால், கரைந்திருக்கும் அம்மோனியா மேலும் நஞ்சாகும்.

## அறிகுறி: மீன் செத்து மிதக்கிறது

பதற்றத்தில் எல்லாரும் செத்த மீனை எண்ணுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது உயிரோடு இருப்பதை.

விரால், கெளுத்தி உயிரோடு இருக்கின்றனவா? இவை மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சுவிடக் கூடியவை. கட்லா, ரோகு, மிர்கால் மிதந்து, விராலும் கெளுத்தியும் நலமாக இருந்தால் ஆக்சிஜன் குறைவு. அப்போது பெரிய மீன்கள்தான் முதலில் போகும். சாவு இரவிலோ விடியலிலோ நடந்திருக்கும். மேலே உள்ள பகுதிக்குத் திரும்புங்கள்.

விராலும் தவளையும் நீர்ப்பூச்சிகளும்கூடச் செத்துக் கிடக்கின்றனவா? சின்னது பெரியது பேதமில்லாமல், பட்டப்பகலில், துள்ளித் துடித்துச் செத்திருந்தால் நஞ்சு. குளத்துக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியே மேலே நடந்து போங்கள். கடந்த இரண்டு நாளில் எந்த வயலில் மருந்தடித்தார்கள், தெளிப்பானை எங்கே கழுவினார்கள், டேங்கர் லாரி ஏதாவது வந்து போனதா என்று கேளுங்கள். இன்று கடையில் கிடைக்கும் பூச்சிமருந்துகளில் பைரித்ராய்டு வகை மீனுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு. வரத்தை அடையுங்கள். மாடுகளை இறக்க வேண்டாம். அந்த மீனை யாரும் சமைக்கக் கூடாது. "இப்பத்தான செத்துச்சு" என்று எடுத்துப்போவோரிடம் இதை உரக்கச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் நீங்களே முயன்று பார்க்க ஒன்றுமில்லை. வரத்து நுழையும் இடத்திலும் குளத்து நடுவிலும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பியில் நீரை விளிம்பு வரை நிரப்பி, நேரம் எழுதி, குளிர்ச்சியில் வையுங்கள். உயிர் ஊசலாடும் மீன் நாலைந்தைப் பையிலிட்டு ஐஸில் வையுங்கள். ஊதிப்போன மீனில் ஆய்வுக்கூடத்தால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் அன்றே தெரிவியுங்கள்.

ஒரே இன மீன் மட்டும், நாளுக்குச் சிலவாக, உடம்பில் சிவந்த புண்ணோடு? மழை முடிந்து குளிர் தொடங்கும் காலத்தில் விராலுக்கும் கெண்டைக்கும் வரும் புண் நோயாக இருக்கலாம். ஒருவகைப் பூஞ்சை போன்ற கிருமி காரணம். 1988-ல் இந்தியாவுக்குள் வந்தது. பிஎச் 7-க்குக் கீழே இருந்தால் ஏக்கருக்கு 80 கிலோ சுண்ணாம்பை நீரில் கரைத்து, ஆறவைத்துத் தெளிக்கலாம். ஒரு வாரத்தில் புது மீன்களில் புண் நிற்கவில்லை என்றால் துறையினரிடம் போங்கள்.

## அறிகுறி: தண்ணீர் பச்சை

குச்சியை நீரில் விட்டுச் சுழற்றி எடுங்கள்.

நூல் நூலாகக் குச்சியில் தொங்குகிறதா? நூல்பாசி. நஞ்சில்லை. வாரியல் கொண்டு வாரிக் கரைக்கு மேலே, மழை நீர் திரும்ப உள்ளே இழுக்காத தூரத்தில் போடுங்கள். அதில் ஒட்டியிருக்கும் நத்தை, தும்பிப் புழு எல்லாம் நீருக்குள் திரும்ப ஒரு இரவு விளிம்பிலேயே விட்டுவைத்தால் நல்லது.

குச்சி ஈரமாக மட்டும் இருக்கிறது, நீர் முழுக்க இளம்பச்சை? மிதக்கும் நுண்பாசி. தட்டு 25 செ.மீ.க்கு மேல் தெரிகிறது என்றால் கைவைக்காதீர்கள். மீனின் இரைக்கு இரை அது.

பச்சைப் பெயின்டில் தோய்த்ததுபோல் குச்சி வருகிறதா? கவனம். நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். கையுறை போட்டு ஜாடியில் முக்கால் நிரப்பி, மூடி, ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் பச்சை மேலே வளையமாகத் திரண்டிருந்தால் பெரும்பாலும் அதுவே. இதில் சில வகைகள் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கும். நீரைக் கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. காற்று தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்க்கும் பக்கத்துக் கரையில்தான் அது ஆடையாகச் சேரும். மாடு, ஆடு, நாய், குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது. மாடு குடித்துவிட்டுத் தள்ளாடினால் உடனே கால்நடை மருத்துவர்.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கொட்டச் சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். பாசி செத்து உடையும்போது உள்ளிருக்கும் நஞ்சு முழுவதும் ஒரே நேரத்தில் நீரில் கலக்கும்; அழுகும் பாசி மிச்ச ஆக்சிஜனையும் எடுத்துவிடும்; அடுத்த வாரம் மீனும் மிதக்கும். குடிநீர் ஊருணியில் அதைச் செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பச்சை ஏன் வந்தது? கரையைச் சுற்றி நடந்து, உள்ளே வருவதைப் பாருங்கள். துணி துவைக்கும் படித்துறையின் சோப்பு நீர், மாட்டுத் தொழுவத்தின் கழுவுநீர், வீட்டுச் சாக்கடை, உரமிட்ட வயலின் வடிகால். இவை எல்லாவற்றிலும் இருப்பது பாஸ்பரஸ். கனடாவின் ஒன்டாரியோவில் 1973-ல் ஓர் ஏரியை நடுவில் திரை போட்டுப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும், மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பாதி மட்டும் பச்சையாயிற்று. உங்கள் ஊர்க்குளத்திலும் கதை அதேதான். சாக்கடையைத் திருப்பிவிடுவது முதல் வேலை. முடியாவிட்டால் நுழையும் இடத்தில் குழி வெட்டி, கோரையும் சம்பும் வளர்த்து, அதன் வழியே வடியவிடுவது இரண்டாவது.

பச்சைக்கு இன்னொரு காரணமும் உண்டு, பலர் கண்ணுக்குத் தப்பிவிடும். நீரில் மிதக்கும் பாசியைத் தின்பது கண்ணுக்குச் சற்றே தெரியும் நீர்த்தெள்ளுகள். பொடி மீன் மிகுந்தால் அந்தத் தெள்ளுகள் தீர்ந்துபோகும். பாசியைக் கேட்க ஆளிருக்காது. பொடி மீனைத் தின்னும் விராலைக் குத்தகைக்காரர் ஒட்டப் பிடித்துவிட்ட குளத்தில் இதை எதிர்பார்க்கலாம். ஜாடி நீரை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். தத்தித் தத்தி ஓடும் வெண்புள்ளிகள் ஒன்றிரண்டுகூடத் தெரியவில்லை என்றால், வலையில் பொடி மீனைக் குறைத்து, விரால் குஞ்சு விட்டுப் பாருங்கள்.

## அறிகுறி: மேலே சிவப்பு அல்லது துருநிற ஆடை

குச்சியால் கிழியுங்கள். கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து துண்டு துண்டாக நின்றால் இரும்புச்சத்து. ஒன்றும் செய்ய வேண்டாம். கிழிந்த இடம் வானவில் நிறத்தோடு உடனே கூடிவிட்டால் எண்ணெய். எங்கிருந்து கசிகிறது என்று தேடுங்கள். உச்சி வெயிலில் சிவந்து, மாலையில் பச்சையாக மாறினால் யூக்ளினா என்னும் நுண்ணுயிர். அது அழுக்கு சேர்ந்த நீரை விரும்பும். பச்சைக்குச் சொன்ன வேலைகளே இதற்கும். கையில் எடுத்தால் குட்டி இலைகள் தெரிகிறதா? அசோலா. வாரி மாட்டுக்குப் போடுங்கள்.

## அறிகுறி: ஆகாயத்தாமரை மூடிவிட்டது

தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. அங்கே அதைத் தின்று கட்டுப்படுத்திய பூச்சிகள் இங்கே கூட வரவில்லை. நல்ல தீனி கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிக்கும். விதை சேற்றில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும்.

பத்தில் ஒரு பங்குதான் மூடியிருக்கிறதா? இன்றே ஆட்களை இறக்குங்கள். பூக்குமுன் எடுத்தால் விதை விழாது. வரத்துக்கால் வாயில் கம்பிவலை கட்டி, மேலேயிருந்து மிதந்து வருவதைத் தடுங்கள்.

பாதிக்கு மேல் மூடிவிட்டதா? முதலில் சாக்கடை வரத்தைப் பாருங்கள். அதை நிறுத்தாமல் பொக்லைன் வைத்து முழுக்க எடுத்தால், நிழல் நீங்கிய நீரில் அதே சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். ஒரு மாதத்தில் "தண்ணீர் பச்சை" என்று மறுபடி அழைப்பீர்கள். மூங்கில் மிதவை கட்டிப் பகுதி பகுதியாக எடுங்கள். கரையில் குவித்து மட்கவைத்தால் வயலுக்கு எரு.

புல் கெண்டை இதைத் தின்று தீர்க்கும் என்று விடுபவர்கள் உண்டு. அது விரும்புவது ஹைட்ரில்லா போன்ற மூழ்கிய மென்கொடிகளை, ஆகாயத்தாமரையை அல்ல. களைக்கொல்லி அடித்தால் செடி அங்கேயே அழுகி மீனின் மூச்சை நிறுத்தும். 1980-களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட நியோகெட்டினா வண்டு இந்தச் செடியை மட்டும் தின்னும். பலன் தெரிய ஆண்டுகள் ஆகும், ஆனால் பெரிய ஏரிக்கு அதுவே நீடிக்கும் வழி. வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

## அறிகுறி: நீர் கலங்கலாகவே நிற்கிறது

ஜாடியில் பிடித்து ஒரு நாள் வையுங்கள். தெளிந்துவிட்டால் ஏதோ கிளறுகிறது: எருமை, அல்லது அடிச்சேற்றைத் தோண்டித் தின்னும் சாதாக் கெண்டை. கெண்டையைக் குறையுங்கள், மாடு இறங்க ஒரே துறையை ஒதுக்குங்கள். தெளியவில்லை என்றால் களிமண் நுண்துகள்; வரத்துக்காலோரம் புல் பிடிக்கவிடுவது முதல் மருந்து. படிகாரம் நீரைப் புளிப்பாக்கி மீனைக் கொல்லக்கூடும், பிஎச் பார்க்காமல் போடாதீர்கள்.

## அறிகுறி: கொசு

முதலில், டெங்குவைப் பரப்பும் கொசு குளத்தில் வளர்வதில்லை. வீட்டுத் தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டையில் வளர்கிறது. டெங்கு என்றால் குளத்தை விட்டுவிட்டு வீடுகளுக்குப் போங்கள்.

குளத்துக் கொசுவுக்கு, வெள்ளைக் கிண்ணத்தால் பத்து இடத்தில் மொண்டு பாருங்கள். திறந்த நீரில் புழு இருக்காது. மீனும் தும்பிப் புழுவும் விடாது. இருப்பது மாட்டுக் குளம்புக் குழிகளிலும், மீன் நுழைய முடியாத அடர்ந்த விளிம்புச் செடிக்குள்ளும். குழிகளைக் குளத்தோடு வாய்க்கால் கீறி இணையுங்கள், செடிக்குள் வழி வெட்டுங்கள். தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் நாட்டுச் சிறு மீன் போதும். கொசுவுக்கென்று விடும் கம்பூசியா என்னும் அயல்நாட்டு மீன் வேண்டாம்: அது தவளைக் குஞ்சையும் நாட்டு மீன் குஞ்சையும் தின்றுவிடும், பிறகு கொசுவைத் தின்ன அது ஒன்றே மிஞ்சும். திறந்த நீரிலேயே புழு நெளிந்தால் சாக்கடை கடுமையாகக் கலக்கிறது. சுகாதார ஆய்வாளரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: வலையில் ஜிலேபியும் பெரிய கெளுத்தியும் மட்டும்

ஜிலேபிக் கெண்டை 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. குஞ்சுகளை வாயில் வைத்துக் காப்பதால் எதிரிக்குத் தப்பிப் பெருகும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வேறு கதை. கிடைத்ததையெல்லாம் தின்னும், காற்றை விழுங்கும், ஈரமிருந்தால் தரையில் நகரும். இதை வளர்க்க இந்தியாவில் தடை உண்டு. குளம் வற்றும் ஆண்டில் எஞ்சும் குட்டைகள் ஒவ்வொன்றையும் இறைத்துப் பிடிப்பதுதான் வழி. யாராவது வளர்ப்பதாகத் தெரிந்தால் மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள், ஒரு வெள்ளத்தில் அது ஆற்றுக்குப் போய்விடும்.

## அறிகுறி: தூர் வாரினோம், பிறகு கொக்கும் நாரையும் வருவதில்லை

கரையில் நின்று நீருக்குள் ஓர் அடி எடுத்துவைத்துப் பாருங்கள். இடுப்பளவு இறங்குகிறதா? அதுதான் காரணம். இயந்திரம் குளத்தைச் செங்குத்துச் சுவருள்ள தொட்டியாக வெட்டிவிட்டது. கொக்கு நிற்க முழங்கால் ஆழம் வேண்டும். தவளை முட்டையிடவும், தும்பி ஏறி இறக்கை விரிக்கவும், விரால் குஞ்சு ஒளியவும் கோரை பிடித்த அந்த ஆழமற்ற விளிம்புதான் இடம். பறவை வராதது வெறும் அழகுக் குறை அல்ல. வேடந்தாங்கலைச் சுற்றியுள்ள உழவர்கள் பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு நல்லதென்று கண்டு, 1798-லேயே ஆங்கிலேயக் கலெக்டரிடம் பறவைக் காப்புக்கு எழுத்தில் உறுதி வாங்கினார்கள்.

சரிசெய்ய, ஒரு பக்கக் கரையையாவது மேலிருந்து மண் சரித்து, ஓர் அடி இறக்கத்துக்கு நாலைந்து அடி நீளம் இருக்குமாறு சாய்வாக்குங்கள். பக்கத்துக் கண்மாயிலிருந்து கோரைக் கிழங்கையும் அல்லியையும் எடுத்து நடுங்கள். அடுத்த முறை தூர் வாரும்போது மூன்றில் ஒரு பங்கை அந்த ஆண்டு தொடாமல் விடுங்கள். அங்கிருந்துதான் நத்தையும் புழுவும் செடியும் மற்ற பகுதிக்குப் பரவும். சாய்வும் விடுபடும் பகுதியும் வேலை மதிப்பீட்டிலேயே எழுதப்பட வேண்டும். அதனால் நீர்வளத் துறைப் பொறியாளரையோ ஒன்றியப் பொறியாளரையோ பார்க்க வேண்டியது பொக்லைன் இறங்கிய பிறகு அல்ல, மதிப்பீடு கையெழுத்தாகும் முன்பு.